ஹஸ்பண்ட் என்றால் வீட்டில் இருப்பவர்

பாளையங்கோட்டை,
ஜூலை 22, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள ஃபிளோரா அப்பாவுக்கு,

கிரேஸி எழுதுவது. இங்கே நானும் பிள்ளையும் சுகம். அந்த வெயிலிலும் உப்புக்காற்றிலும் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டுதான் பேனாவைத் திறந்தேன்.

கடிதமா என்று சிரிக்காதீர்கள். போனில் பேசினால் நமக்கு இரண்டாவது நிமிடத்தில் சண்டை வந்துவிடுகிறது. எழுதினால் நீங்கள் குறுக்கே பேச முடியாது, நானும் பாதியில் போனை வைக்க முடியாது. சத்தியநேசன் அண்ணன் லீவு முடிந்து வியாழக்கிழமை திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறார். உங்கள் இழுவைப் படகில் உங்களுக்கே சோறு பொங்கிப் போடுகிற மனிதர், அவர் கையில் கொடுத்தால் கண்டிப்பாக வந்து சேரும். கூடவே சீலாக் கருவாடும், மிளகாய்ப்பொடியும், தூத்துக்குடி மக்ரூன் ஒரு டப்பாவும் வைத்திருக்கிறேன். மக்ரூனை அமுக்காமல் கொண்டுபோகச் சொல்லி மூன்று தடவை சொல்லிவிட்டேன். அப்படியும் நொறுங்கித்தான் வரும், பொடியைத் தின்னுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் என்னிடம் இரண்டு கேள்வி கேட்டீர்கள். அடுத்த இரண்டு வருடக் காண்ட்ராக்டில் கையெழுத்துப் போடவா வேண்டாமா, மாதக் கடைசிக்குள் சொல்லு என்றீர்கள். அப்புறம், பிள்ளையிடம் என்னைப் பற்றி என்னத்தைச் சொல்லி வைத்திருக்கிறாய், ஒன்றரை மாதமாக அவள் ஏன் போன் பக்கமே வரமாட்டேன் என்கிறாள் என்று கத்தினீர்கள். நான் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. ஆனால் காரணம் என்ன என்று எனக்கும் அன்றைக்குத் தெரியாது. நேற்றுத்தான் தெரிந்தது. இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரமாட்டேன் என்கிறது. அதனால் முதலில் வீட்டுச் சேதியையும் பள்ளிக்கூடச் சேதியையும் சொல்லிவிடுகிறேன்.

வீடு நன்றாக இருக்கிறது. குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. ஆற்றுத் தண்ணீர், அப்படியே குடிக்கலாம் போல இருக்கிறது. அடுக்களை ஜன்னல் ஓரம் மட்டும் முதல் சாரலுக்கே கொஞ்சம் ஓதம் காத்துவிட்டது, கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன். வாசல் கதவை எல்லாரும் புகழ்கிறார்கள். தேக்கு என்றால் இதுவல்லவா தேக்கு என்று தட்டித் தட்டிப் பார்க்கிறார்கள். அந்தக் கதவைப் பற்றி சத்தியநேசன் அண்ணன் வாய் தவறி ஒன்று சொல்லிவிட்டார். சாமியார் வந்து புது வீட்டை ஆசீர்வதித்த மந்திரிப்புக்கு உங்களுக்கு லீவு கிடைத்திருந்ததாம். நீங்கள்தான் லீவு வேண்டாம், அதற்குப் பதில் சம்பளமாகக் கொடுங்கள் என்று வாங்கி இந்தக் கதவுக்கு அனுப்பினீர்களாம். லீவு தரவில்லை என்று என்னிடம் சொன்னீர்களே! அண்ணனைத் திட்டாதீர்கள், அவர் உங்களை மெச்சித்தான் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. அன்றைக்கு முழுவதும் கதவைப் படார் படாரென்று சாத்தினேன். ராத்திரி அதே கதவைத் துணியால் துடைத்து வைத்தேன். என் புத்தி அப்படி.

இனி பள்ளிக்கூடக் கதை. நான் பாடம் எடுக்கிற மேலப்பாளையம் பிள்ளைகள் வாய் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஏழாம் வகுப்புக்குக் காம்பவுண்ட் வேர்ட்ஸ் நடத்தினேன், இரண்டு சொல் சேர்ந்து ஒரு சொல்லாவது. பிளாக்போர்டு, ரெயின்கோட், டூத்பிரஷ் என்று எழுதிப்போட்டு, ஹவுஸ்வைஃப் என்றும் எழுதினேன். ரஹ்மத் நிஷா என்று ஒரு பிள்ளை, எழுந்து நின்று, ஹவுஸ்வைஃப் இருக்கு, ஆம்பளைக்கு அப்படி ஒண்ணும் இல்லியா டீச்சர் என்று கேட்டாள். இருக்கிறதே, ஹஸ்பண்டே அப்படிப்பட்ட சொல்தான் என்று நான் பெருமையாக ஆரம்பித்தேன். எங்கே படித்தேன் என்று நினைக்கிறீர்கள்? எங்கேயும் இல்லை. புன்னைக்காயலில் நம் கல்யாணப் பூசையில் சாமியார் பிரசங்கம் வைத்தாரே, அதுதான். ஹவுஸ், பேண்ட். பேண்ட் என்றால் கட்டு. பீப்பாயைச் சுற்றி இரும்புப் பட்டை போட்டு இறுக்குவதுபோலக் குடும்பம் சிதறாமல் சேர்த்துக் கட்டுகிறவன்தான் ஹஸ்பண்ட் என்றார். அப்போது நீங்கள் என் காதோடு, கயிறு கட்டுறதுதான நமக்குத் தெரிஞ்ச வேலை என்றீர்கள். நான் பீடத்துக்கு முன்னால் நின்றுகொண்டு சிரித்துவிட்டேன். எங்க அம்மா பின்னாலிருந்து கிள்ளிய இடம் ஒரு வாரம் வலித்தது.

அதை அப்படியே வகுப்பில் சொன்னேன். பிள்ளைகளும் எழுதிக்கொண்டார்கள். சாயங்காலம் எதற்கும் பார்த்துவிடுவோம் என்று நூலகத்தில் பெரிய அகராதியைப் புரட்டினால், சாமியார் சொன்னது சரியில்லை. ஹவுஸ் சரி. பின்பாதி கட்டுகிற பேண்ட் கிடையாது. நார்வே பக்கத்துக் கடலோடிகள் பேசிய பழைய மொழியிலிருந்து இங்கிலாந்துக்குப் போன சொல்லாம். ஹூஸ் என்றால் வீடு, போண்டி என்றால் வசிக்கிறவன். வீட்டில் இருப்பவன், அவ்வளவுதான் ஹஸ்பண்ட். நீங்களே சொல்லுங்கள், வருடம் முழுக்கக் கப்பலில் திரிந்த ஆட்கள் இப்படி ஒரு சொல்லை எங்கிருந்து பிடித்தார்கள்? அவர்கள் பெண்டாட்டிமார்தான் கரையில் உட்கார்ந்து உண்டாக்கியிருக்க வேண்டும். வைஃப் என்ற சொல்லையும் பார்த்தேன். பழைய காலத்தில் அதற்குப் பெண் என்று மட்டும்தான் அர்த்தமாம்.

தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு எனக்குத் தூக்கம் வராது. மறுநாள் வகுப்பில் போய் மாற்றிச் சொன்னேன். ரஹ்மத் நிஷா திரும்பவும் எழுந்தாள். அப்ப எங்க வாப்பா ஹஸ்பண்ட் இல்லியா டீச்சர், அவங்க குவைத்துலல்லா இருக்காங்க என்றாள். வகுப்பே சிரித்தது. வெளிநாட்டில் அப்பா இருக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றேன், என்ன வேகத்தில் அப்படிக் கேட்டேனோ. நாற்பத்தொரு பேரில் பத்தொன்பது கை. தூக்கிய கைகளைப் பார்த்து மற்ற பிள்ளைகள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். இது ரொம்பப் பழைய அர்த்தம், இப்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை, உங்கள் அப்பாமார் எல்லாரும் நல்ல அப்பாமார்தான் என்று ஏதோ சமாளித்தேன். மணி அடித்தது. ஃபிளோரா அந்த வகுப்பில் இருந்திருந்தால் அவள் கையும் தூக்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன். அப்படி நினைத்தது போன வாரம். இப்போது தெரிகிறது, அவள் தூக்கியிருக்க மாட்டாள்.

குக்கர் விசில் அடிக்கிறது. நாளைக்கு எழுதுகிறேன்.

புதன்கிழமை.

பள்ளிக்கூடம் போகவில்லை, அரைநாள் லீவு சொல்லிவிட்டேன். பிள்ளையை வேனில் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இனிமேல் சுற்றி வளைக்கவில்லை.

திங்கட்கிழமை ஃபிளோராவின் வகுப்பு டீச்சர் சுகன்யா என்னை வரச் சொல்லியிருந்தார்கள். ஏதாவது சேட்டை செய்திருப்பாள், வாங்கிக் கட்டிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். அவர்களோ வாசலிலேயே என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரியவே தெரியாதே, எப்ப நடந்தது, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கண் கலங்கினார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் குடும்பம் என்று பிள்ளைகளைப் படம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். நம்மவள் வரைந்ததைக் காட்டினார்கள். நான் கையும் காலுமாகச் சேலை கட்டி நிற்கிறேன். பக்கத்தில் அவள், இரட்டைச் சடையோடு. நீங்கள் மேலே ஒரு பெட்டிக்குள் நெஞ்சு வரைக்கும்தான் இருக்கிறீர்கள். பெட்டியைச் சுற்றி வட்டம் வட்டமாகப் பூ. அப்பாவை ஏன் சட்டத்துக்குள் வைத்திருக்கிறாய் என்று கேட்டதற்கு, அப்பா செத்துட்டாங்க டீச்சர், புது வீட்டுல பூசை வச்சோம் என்றாளாம்.

முதலில் நான் சிரித்தேன். இல்லை டீச்சர், அவங்க நல்லாத்தான் இருக்காங்க, நேற்றுக்கூட என்னைத் திட்டினாங்க என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். சமாதானபுரம் திருப்பம் வரைக்கும்தான் ஓட்டினேன். வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, போகிற வருகிறவர்கள் பார்க்க நின்று அழுதேன்.

என்ன நடந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஜூன் ஏழாம் தேதி மந்திரிப்பு அன்று உங்கள் அக்கா இன்பமணி மதினி ஒரு பெரிய பார்சலோடு வந்தார்கள். பிரித்தால் உங்கள் படம், பெரிதாக்கித் தங்க நிறச் சட்டம் போட்டது. ஏட்டி கிரேஸி, சாமியார் வீடு மந்திரிக்கும்போது வீட்டுக்காரன் நாற்காலி சும்மா கெடக்கலாமா, எந்தம்பி இருந்து பாக்க வேண்டாமா என்று என் பக்கத்து நாற்காலியில் படத்தை நிறுத்தினார்கள். ஆசையாகத்தான் செய்தார்கள். ஊரிலிருந்து நமக்காகக் கட்டி வந்த ரோஜா மாலை இரண்டில் ஒன்றை என் கழுத்தில் போட்டு, இன்னொன்றை உங்கள் படத்துக்குப் போட்டார்கள். முன்னால் மெழுகுதிரியும் ஏற்றினார்கள். எல்லாரும் நன்றாயிருக்கிறது என்றார்கள். படம் பிடித்தார்கள். உங்களுக்கும் அனுப்பினோம், நீங்களும் சிரிக்கிற பொம்மை ஒன்றைத் திருப்பி அனுப்பினீர்கள். அத்தனை பெரியவர்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

ஆறு வயசுப் பிள்ளைக்கு உறைத்துவிட்டது. போன வருடம் எங்க அப்பா தவறியபோது அவள் கூடவே இருந்தாளே. தாத்தாவின் படத்தையும் அதே ஸ்டூடியோவில்தான் பெரிதாக்கினோம், அதே தங்கச் சட்டம். முப்பதாம் நாள் பூசைக்கு அதே சாமியார், அதே சொந்தக்காரர்கள், வாடகைக்கு எடுத்த அதே சிவப்பு நாற்காலி, அதே சாப்பாடு. படத்துக்கு மாலை, முன்னால் மெழுகுதிரி. அவள் பார்த்ததை வைத்துக் கூட்டிக் கழித்துச் சரியாகத்தான் முடிவுக்கு வந்திருக்கிறாள். தப்பு எங்கள் பேரில்.

திங்கட்கிழமை சாயங்காலம் இட்லியை ஊட்டிக்கொண்டே பைய விசாரித்தேன். அப்பாதான் ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் பேசுகிறார்களே, செத்தவர்கள் பேசுவார்களா என்று கேட்டேன். தாத்தாவும்தான் போன்ல பேசுதாங்க என்றாள். எங்க அப்பா கடைசி வருடம் அவளைக் கொஞ்சி எடுத்த வீடியோக்களை நான்தான் அடிக்கடி போட்டுப் பார்க்கிறேன். அதில் தாத்தா கையாட்டுகிறார், ஃபிளோராக் குட்டி சாப்பிட்டியா என்று கேட்கிறார், சிரிக்கிறார். அவளுக்கு நீங்களும் அப்படித்தான். சாப்பிட்டியா என்று கேட்கிறீர்கள், கையாட்டுகிறீர்கள்.

சந்தேகம் இல்லாமலும் இல்லை. ஒருநாள் சோதித்துப் பார்த்திருக்கிறாள். இரண்டு வாரத்துக்கு முன்னால் நான் கட்டாயப்படுத்திப் போனைக் கையில் கொடுத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? என் கவுன் என்ன கலர், சொல்லுங்க என்று உங்களிடம் கேட்டாள். அப்போது பார்த்து நெட் போய்விட்டது. உங்கள் முகம் அப்படியே நின்றது, ஹலோ ஹலோ என்று மட்டும் கேட்டது. அவள் போனைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பிள்ளைக்கு இந்த வயசிலேயே இவ்வளவு திமிரா என்றீர்கள் நீங்கள். நானும் அப்படித்தான் நினைத்து அவள் முதுகில் ஒன்று வைத்தேன். அந்தக் கையை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

அப்படியானால் போனை ஏன் தொடமாட்டேன் என்கிறாய், தாத்தா வீடியோ பார்ப்பதுபோல அப்பாவையும் பார்க்கலாமே என்றும் கேட்டேன். தாத்தா வீடியோ பாத்தா நீங்க அழுவீங்க, அப்பா போன் வந்தாலும் நீங்க அழுவீங்க, அதான் நான் வரல என்றாள். சண்டை போட்டுவிட்டு அடுக்களையில் போய் நின்று நான் கண்ணைத் துடைத்ததை எல்லாம் அவள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். எனக்காகத்தான் அவள் உங்களிடம் பேசாமல் இருந்தாள். திமிர் என்று இனி ஒருநாளும் சொல்லாதீர்கள்.

அப்பா சாகவில்லை, உயிரோடு இருக்கிறார்கள், தூரத்தில் இருக்கிறார்கள் என்று மடியில் வைத்துச் சொன்னேன். தலையை ஆட்டினாள். தாத்தா தவறியபோதும் இதே வார்த்தையைத்தான் நான் சொல்லியிருந்தேன், தாத்தா சாகலடா, ஆண்டவர்கிட்ட உயிரோட இருக்காங்க, தூரத்துல இருந்து நம்மளப் பாக்காங்க என்று. இனி எந்த வார்த்தையைக் கொண்டு அவளை நம்பவைப்பேன்? படத்தில் கிடந்த மாலையையாவது எடுப்போம் என்று கழற்றினேன். பூ வாடிட்டாம்மா, வேற வாங்கலாமா என்று கேட்கிறாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைச் சொல்லத் தயங்கித்தான் நேற்றெல்லாம் கதவையும் அகராதியையும் எழுதிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மதினி மாலையைப் போட்டபோது ஒருவருக்கும் உறைக்கவில்லை என்று எழுதினேன். பொய். எனக்கு உறைத்தது. உயிரோடு இருக்கிறவருக்கு இப்படிச் செய்யலாமா, எடுத்துவிடுவோமா என்று கை போனது. போன கையை மடக்கிக்கொண்டேன். வரவில்லை அல்லவா, கிடக்கட்டும் என்று ஒரு நொடி நினைத்தேன். கேஸ் புத்தகத்திலிருந்து பள்ளிக்கூடப் படிவம் வரைக்கும் எல்லாவற்றிலும் நானே கையெழுத்துப் போட்டு, தகப்பன் எங்கே என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் நானே பதில் சொல்லிச் சொல்லி, மனசு அப்படி மரத்துப்போயிருந்தது. அந்த ஒரு நொடிக் கோபத்தைத்தான் பிள்ளை ஒன்றரை மாதமாகச் சுமந்துகொண்டு அலைந்திருக்கிறாள். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்வதற்கு முன்னால் உங்களிடம் சொல்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பேரில் எனக்குக் குறை இல்லை. வாடகை வீட்டில் இருந்துகொண்டு சொந்த வீடு, சொந்த வீடு என்று அரித்தவள் நான். நீங்கள் தூத்துக்குடியிலேயே இருந்துவிடலாம் என்றுதான் சொன்னீர்கள். நான் கேட்ட வீட்டைக் கட்டிக் கொடுப்பதற்காகத்தான் கண்காணாத துறைமுகத்தில் கப்பல் கப்பலாக இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒன்பது வருடமாக நீங்கள் கட்டியதெல்லாம் இங்கே நிற்கிறது. போதும். மாடி வேண்டாம். காம்பவுண்டுச் சுவரும் வேண்டாம், வேலியே இருக்கட்டும், ஆடு வந்தால் நான் விரட்டிக்கொள்கிறேன். முத்துமாலை அண்ணனிடம் நேற்றே பேசினேன். தூத்துக்குடித் துறைமுகத்தில் அவர் வேலை பார்க்கிற படகில் ஒரு இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம். சிலுவை வாரான்னா நான் வேற ஆளு பாக்கல என்று உங்கள் பேரைச் சொல்லியே சொன்னார். அங்கே வாங்குகிறது இங்கே வராது, தெரியும். என் சம்பளமும் இருக்கிறது. கருவாட்டுக் குழம்பு வைத்தால் மூன்று பேருக்கும் இரண்டு வேளைக்கு வரும்.

அதனால் அந்தக் காண்ட்ராக்டில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு மாத லீவில் வந்து போகலாம் என்றும் கணக்குப் போடாதீர்கள். வந்து மறுபடி காணாமல் போனால் அவள் என்ன நினைப்பாள் என்று எனக்கு நினைக்கவே பயமாக இருக்கிறது.

வருகிற சேதியைப் போனில் அவளிடம் சொல்ல வேண்டாம். சொன்னால் நம்பமாட்டாள். நல்ல பகலில் வாருங்கள். பள்ளிக்கூட வேன் நாலு மணிக்குத் தெருமுனையில் நிற்கும், நான் போய்க் கூட்டி வருவேன். நீங்கள் வாசலில் நில்லுங்கள். பார்த்ததும் பயப்படுவாள். என் சேலைக்குப் பின்னால் ஒளிந்தாலும் ஒளிவாள். ஓடிவந்து தூக்கிவிடாதீர்கள், உங்களுக்கு அடக்க முடியாது என்று தெரியும், ஆனாலும் தூக்காதீர்கள். படியில் உட்கார்ந்து கையை மட்டும் நீட்டி வையுங்கள். அவளாக வந்து தொட்டுப் பார்க்கட்டும். விரலைத் திருகிப் பார்ப்பாள், மீசையை இழுத்துப் பார்ப்பாள், நெஞ்சில் காதை வைத்துப் பார்ப்பாள். எவ்வளவு நேரம் ஆனாலும் அசையாமல் இருங்கள். அவள் பார்த்து முடித்த பிறகு எனக்கும் கொஞ்ச நேரம் கொடுங்கள்.

கடலில் போகிறவர்களைக் கைவிடாத மாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து எங்களிடம் சேர்க்கட்டும்.

வாருங்கள்.

உங்கள்
கிரேஸி